விட்ட பிறகு



கசிப்பை ஒழிப்போம், ஐஸ் போதையை ஒழிப்போம் என்று இந்த மேடையில் பலர் முழங்கிவிட்டார்கள். நான் பேச வந்தது, குடியை விட்டுவிட்டு எங்களுக்குள்ளேயே நடமாடுகிறவனைப் பற்றி.

கொடிகாமம் சந்தைக்கு விடிய முன்னமே வந்து அலவாங்கில் தேங்காய் உரிக்கிற மனிதனை நினைத்துப் பாருங்கள். குடியை விட்ட முதல் கிழமை அவனுக்குக் கை நடுங்கும், நித்திரை வராது. நெடுநாள் குடித்தவனென்றால் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், புத்தி பேதலிக்கலாம், உயிரே போகலாம். வீட்டில் பூட்டி வைக்காதீர்கள். ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போங்கள். சாவகச்சேரி பக்கத்தில்தானே இருக்கிறது. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம்.

உடம்பு தேறிவிடும். பிறகு வருவதுதான் பெரும்பாடு. வெறியில் மறந்திருந்ததெல்லாம் தெளிந்த மனத்தில் வந்து நிற்கும்: 2000ஆம் ஆண்டுப் போரில் தென்மராட்சியை விட்டு ஓடிய ஓட்டம், பறிகொடுத்த உறவுகள், அடகில் மூழ்கிப்போன மனைவியின் தாலிக்கொடி. அழவேண்டும் போலிருக்கும், ஆம்பிளை அழுவதா என்று சீறி விழுவான். மனைவியும் பாவம். படலை திறக்கும் சத்தம் கேட்டதும் கிட்டப்போய் அவன் வாயை மணந்து பார்ப்பாள், கூலிக்காசை எண்ணுவாள். அவளில் பிழையில்லை, எத்தனை தரம் ஏமாந்தவள்! ஆனாலும் அவனுக்கு அது நாளாந்தம் சுடும்.

காசுள்ளவர் குடித்தால் 'களைப்புக்கு எடுக்கிறார்' என்கிறோம். கூலிக்காரன் விட்ட பிறகும் அவன் பெயர் வெறிக்குட்டிதான். இது என்ன நியாயம்?

2022 ஜூனில், போதைக்கு அடிமையானோரை வைத்திருந்த கந்தக்காடு புனர்வாழ்வு நிலையத்தில் ஒருவர் இறந்ததை அடுத்து நூற்றுக்கணக்கானோர் தப்பி ஓடினார்கள். காவல் போட்டு மனத்தைத் திருத்தலாம் என்று இன்னும் நம்புகிறவர்களுக்கு இதைவிட என்ன சொல்ல?

முதலாளிமாரே, கிணறு வெட்ட, மரம் தறிக்க வந்தவனுக்குக் கூலியோடு போத்தலும் கொடுப்பதை இன்றோடு விடுங்கள். செத்தவீட்டில் 'ஒருக்கா எடு, ஒண்டும் செய்யாது' என்று கையில் திணிக்கிற தம்பிமாரே, உங்களையும் கும்பிட்டுக் கேட்கிறேன். சனசமூக நிலையத் தலைவர் அவர்களே, பின்னேரம் ஆறு மணி குடியை விட்டவனுக்குப் பொல்லாத நேரம். கால் தானாகத் தவறணைப் பக்கம் போகும். அந்த நேரத்தில் எங்கள் வாசிகசாலையைத் திறந்து, விட்டவர்கள் கூடியிருந்து மனம்விட்டுக் கதைக்க இடம் கொடுங்கள். 1935இல் அமெரிக்காவில் குடியால் நொந்த இருவர் இப்படிக் கதைக்கத் தொடங்கியதுதான் இன்று உலகமெங்கும் பரவியிருக்கிற குடிநோயாளர் கூட்டங்கள். தேத்தண்ணீர்ச் செலவு என்னுடையது.