செவிலியர் உரிமத் தேர்வும் நமது கடமையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இசையும் நாடகமும் கண்டு மகிழக் கூடிய இவ்வவையில் ஒரு பரீட்சையைப் பற்றிப் பேச முற்படுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் நம் காலனியில் செவிலியர் பட்டம் பெற்ற பிள்ளைகள் பலர் உள்ளனர். அவர்களுட் சிலர், இரவுப் பணி முடித்து வந்து கண்ணெரிச்சலோடு புத்தகத்தைத் திறக்கின்றனர். அவர்கள் எழுத விரும்புவது என்கிளெக்ஸ் என்னும் உரிமத் தேர்வாகும். அமெரிக்காவில் பதிவு பெற்ற செவிலியராகப் பணியாற்ற இத்தேர்வில் தேறுதல் வேண்டும். கனடாவின் பெரும்பாலான மாகாணங்களும் 2015 முதல் இதனை ஏற்றுள்ளன. அடகில் இருக்கும் நகையும், தம்பியின் படிப்பும், தங்கையின் திருமணமும் இதன் முடிவை எதிர்நோக்கி நிற்கும் இல்லங்கள் உண்டு. ஆதலின் இதனை இம்மேடையில் பேசுதல் பொருத்தமே.

இத்தேர்வு நினைவாற்றலை மட்டும் அளப்பதன்று. நோயாளிக்குத் தீங்கு நேராவண்ணம் முடிவெடுக்கும் ஆற்றலை அளப்பது. நாம் பழகி வந்ததோ மனப்பாட முறை. நன்கு படித்த பிள்ளைகளும் தடுமாறுவதற்கு இதுவே பெருங்காரணம்.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். நான்கு நோயாளிகள் உள்ளனர். ஒருவருக்கு அறுவைக்குப் பின் வலி. ஒருவருக்குச் சிறு காய்ச்சல். ஒருவர் வீடு செல்ல அறிவுரை கேட்கிறார். ஒருவர் திடீரென மூச்சுத் திணறி அமைதியின்றிப் புரள்கிறார். முதலில் யாரிடம் செல்வது? சுவாசப் பாதை, சுவாசம், இரத்த ஓட்டம் என்னும் வரிசையை அறிந்தவர், திணறுபவரிடமே விரைவர். அத்துடன், நம் வார்டுகளில் ஆள் பற்றாக்குறையால் ஏற்பட்ட பழக்கங்களை ஒதுக்கி வைத்து, தேவையான கருவியும் துணையும் கைவசம் உள்ளன எனக் கொண்டே விடை தேர்தல் வேண்டும்.

இனித் தேர்வின் அமைப்பைக் காண்போம். 1994 முதல் இது கணிப்பொறியில் நடைபெறுகிறது. சரியாக விடையளித்தால் பின்வரும் வினா கடினமாகும், தவறினால் எளிதாகும். ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழப் பாதி வாய்ப்பே உள்ள வினாக்களை அது தேடித் தருகிறது. ஆகவே மிக நன்றாக எழுதுபவருக்கும் தோற்பது போன்ற உணர்ச்சியே தோன்றும். அவ்வுணர்ச்சிக்கு இடங்கொடுத்துக் கலங்கலாகாது. வினாக்கள் 85க்குக் குறையாமலும் 150க்கு மிகாமலும் வரும். காலம் 5 மணி நேரம். கணிப்பொறி 85இல் நின்றாலும் 150 வரை சென்றாலும், வெற்றி தோல்வி இரண்டுக்கும் இடமுண்டு. கடந்த வினாவுக்குத் திரும்ப இயலாது. முடிவு செய்தபின் அதனை மறந்து மேற்செல்க.

2023 ஏப்ரல் முதல், ஒரே நோயாளியின் வரலாற்றைத் தந்து ஆறு வினாக்கள் கேட்கும் முறையும் சேர்ந்துள்ளது. அறிகுறிகளைக் கண்டறிதல், அவற்றின் பொருளை ஆராய்தல், முதன்மையானதைத் துணிதல், வழிகளை வகுத்தல், செயலாற்றுதல், பயனை மதிப்பிடுதல் என்பனவே அவ்வாறு படிகள்.

எவ்வாறு படிப்பது? நாள்தோறும் சில வினாக்களை நேரம் குறித்துச் செய்க. சரியான விடை ஏன் சரி என்பதோடு, ஏனைய விடைகள் ஏன் தவறு என்பதனையும் தனிக் குறிப்பேட்டில் எழுதுக. தேர்வை நடத்தும் மன்றம் பாடத் திட்டத்தை இலவசமாகவே தனது வலைத்தளத்தில் வெளியிடுகிறது. எந்தப் புத்தகத்தையும் வாங்குமுன் அதனைப் படித்தல் நன்று. நாம் பாரசிட்டமால் என்பதனை அங்கு அசிட்டமினோஃபென் என்பர். அட்ரினலின் அங்கு எபிநெஃப்ரின். சால்பியூட்டமால் அங்கு ஆல்பியூட்டரால். இவ்வாறான பெயர்களுக்கு ஓர் அட்டவணை எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைக்கலாம். "வரப்போகும் வினாக்கள் எம்மிடம் உள்ளன" என்று பணம் கேட்போரை அண்ட விடாதீர்கள்.

தமிழர்க்கே உரிய ஓர் எச்சரிக்கையும் உண்டு. நமக்குத் தந்தை பெயரின் முதலெழுத்து ஓரிடத்தில் முன்னும், ஓரிடத்தில் பின்னும், ஓரிடத்தில் விரிந்தும் நிற்கும். விண்ணப்பத்தில் உள்ள பெயர் கடவுச்சீட்டில் உள்ள பெயரோடு ஒத்திராவிடில் தேர்வுக் கூடத்தின் வாயிலிலேயே திரும்ப நேரும். பதிவு செய்யும் நாளிலேயே இதனைச் சரிபார்த்தல் வேண்டும்.

பெற்றோர்க்கும் கணவன்மார்க்கும் ஒரு வேண்டுகோள். பணியும் சமையலும் படிப்பும் ஒருத்தியின் தலையிலேயே விழுமாயின், எந்தப் புத்தகமும் அவளுக்கு உதவாது. நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் அவளை எவரும் அழையாதிருத்தல், கோச்சிங் வகுப்புக்குச் செலுத்தும் கட்டணத்தினும் பெரிய உதவியாகும். ஒருமுறை தவறினாலும் ஏளனம் வேண்டா. குறைந்தது 45 நாள் கழித்து மீண்டும் எழுதலாம். எப்பகுதியில் குறை என்பதனைக் காட்டும் அறிக்கையும் தேறாதவர்க்குக் கிடைக்கும்.

நம் சங்கத்தின் நூலக அறை மாலையில் பூட்டியே கிடக்கிறது. அதனைத் திறந்து, ஒரு கணிப்பொறியும் அமைதியும் அளித்தால், நம் பிள்ளைகள் கூடியிருந்து படிப்பர். பிறர் உயிரைக் காக்க இரவெல்லாம் விழித்திருப்பவர்களுக்கு நாம் ஓர் அறையேனும் விட்டுக் கொடுத்தல் நம் கடமையன்றோ?