பரீட்சைக் காலத்திலே சிறு மகிழ்ச்சிகள்
(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பரீட்சைக் காலத்தில் மகிழ்ச்சியைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று தலைவர் அறிவித்ததும் பின்வரிசையிலே ஒரு சிரிப்பு எழுந்தது. நியாயமான சிரிப்புத்தான். தசமப் புள்ளிக்குப் பின்னுள்ள நான்காம் இலக்கம் வரை பார்த்து வெட்டுப்புள்ளி வகுக்கும் நாட்டிலே, உயர்தர மாணவனிடம் போய் "மகிழ்ச்சியாயிரு" என்றால் அவன் சிரிக்காமல் என் செய்வான்? "எல்லாம் பரீட்சை முடியட்டும்" என்பதே அவன் பதில். தாய் தந்தையரும் அதையே சொல்லுகிறார்கள். உறக்கம், விளையாட்டு, பாட்டு, தோழரோடு நாலு வார்த்தை எல்லாவற்றையும் அந்த முடிவு நாளின் பேரிலே கடனாக எழுதி வைத்துவிடுகிறோம்.

ஆயின் அந்த நாள் குறித்தபடி வருகிறதா? 2024 நவம்பர் 25ஆம் நாள் உயர்தரப் பரீட்சை தொடங்கியது. 27ஆம் நாள் வெள்ளத்தினாலே நிறுத்தப்பட்டு, டிசம்பர் 4ஆம் நாளே மறுபடி ஆரம்பமாயிற்று. இடையிலே 26ஆம் நாள், காரைதீவை அடுத்த மாவடிப்பள்ளியில், உழவு இயந்திரத்தில் வீடு திரும்பிக்கொண்டிருந்த மதரசா மாணவர்களை வெள்ளம் அடித்துச் சென்றதை இக்கரையில் எவர் மறப்பார்? கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று இந்து வீடு முஸ்லிம் வீடு பாராமல் அந்த வாரம் ஊரெல்லாம் துக்கம். அடுத்த ஆண்டு நவம்பரிலே டித்வா புயல் வந்து, நடந்துகொண்டிருந்த பரீட்சையை மறுபடியும் இடைநிறுத்தியது. மாரியிலே பரீட்சை வைத்தால் மாரியையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

2024ஆம் ஆண்டின் அந்த வாரத்திலே ஒரு வீட்டைப் பார்த்தேன். பிள்ளைக்குப் பௌதிகவியல் இன்னும் எழுதியாகவில்லை. மின்சாரம் இல்லை. பகலெல்லாம் சன்னலோரத்தில் இருந்து படித்தாள். இருட்டியதும் புத்தகத்தை மூடிவிட்டு, அம்மம்மா வறுத்த கச்சானை உடைத்துக்கொண்டு, அம்மம்மாவின் பள்ளிக்கூடக் கதைகளைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். "இந்த நேரத்திலே சிரிப்பா?" என்று தகப்பனார் முணுமுணுத்தார். எனக்கோ, அந்தச் சிரிப்பு அவளுக்கு மறுநாள் படிக்க வேண்டிய தெம்பைச் சேர்த்துக்கொண்டிருந்ததாகவே பட்டது. துயரத்தை அவள் மறந்துவிடவில்லை. காலையிலே அயலவர்க்குச் சமைத்த சோற்றைப் பொதி கட்டியவளும் அவள்தான்.

இது வெறும் ஆறுதற் பேச்சன்று. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்திலே ஜென்கின்ஸ், டாலன்பாக் என்னும் இருவர் 1924ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இரண்டு மாணாக்கரைப் பொருளற்ற அசைகளை மனனஞ் செய்ய வைத்து, சில வேளைகளில் உறங்க விட்டும், சில வேளைகளில் விழித்திருக்கச் செய்தும் கேட்டுப் பார்த்தார்கள். உறங்கி எழுந்தபோதே கூடுதலாக நினைவிருந்தது. இரண்டே பேர்தானே என்பீர்கள். பின்வந்த எத்தனையோ ஆராய்ச்சிகளும் அப்பக்கமே சாய்ந்தன. ஆதலால், பிள்ளை பத்து மணிக்கு விளக்கணைத்தால் தாய்மார் திகைக்க வேண்டியதில்லை.

காரைதீவிலே 1892இல் மயில்வாகனமாகப் பிறந்த விபுலாநந்த அடிகளாரைப் பாருங்கள். 1916ஆம் ஆண்டு கொழும்பிலே விஞ்ஞான டிப்ளோமாப் பெற்றார். அதே ஆண்டிலே மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். ஒரு பரீட்சையின் சுமையை மற்றொரு பரீட்சையாலே இறக்கி வைத்தாரோ என்று நான் வியப்பதுண்டு. அந்த வழி எல்லாருக்கும் ஆகாது. உங்களிற் பலருக்கு ஒரு பரீட்சையே போதும்! ஆனால் கணக்குக் களைப்பாற ஒரு பாட்டு, பாட்டுக் களைப்பாற ஒரு கணக்கு என்பது நமக்கும் இயலும். கணிதமும் விஞ்ஞானமும் இசையும் 1947இல் வெளிவந்த அவருடைய யாழ் நூலிலே ஒன்றாயின.

நமக்கு எளிதிற் கிடைப்பன எத்தனை! விடியப் புறத்தில் எழுந்து படிக்கிறவனுக்குப் பள்ளிவாசலின் வாங்கும் கோயில் மணியும் நேரஞ் சொல்லுகின்றன. மருதமுனைப் பக்கமாயின் கைத்தறியின் ஓசையும் சேரும். நம் ஊரிலே சூரியன் கடலிலிருந்து எழும்புகிறது. கால்மணி நேரம் கரையிலே நின்று பார்த்துவிட்டு வந்தால் எந்தப் பாடமும் ஓடிப்போய்விடாது. கடல் அமைதியான மாதங்களில் கரைவலை இழுப்பவரோடு சேர்ந்து கயிற்றிலும் ஒரு கை வைக்கலாம். பாண்டிருப்புப் பையனும் கல்முனைக்குடிப் பையனும் ஒரே திண்ணையில் இருந்து பழைய வினாத்தாள் செய்கிறார்களே, அவர்களுக்கிடையே பிழைவிட்டவன் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுப்பது என்றொரு சட்டம் உண்டு. அந்தச் சட்டத்தாலே இரசாயனம் எவ்வளவு சுவையாயிற்று என்பதை அவர்களையே கேளுங்கள்.

பெற்றோர்களே, இரவிலே தேத்தண்ணீர் கொண்டுபோய் வைக்கும்போது, "எத்தனை பாடம் முடிந்தது?" என்ற கேள்வியையும் கோப்பையோடு வைக்காதீர்கள். தேத்தண்ணீர் கைத்துப்போகும். "மழை விட்டிட்டுது, வெளியிலே வந்து பார்" என்று சொல்லுங்கள், அது போதும்.

மன்றத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். பரீட்சை மாதம் வந்தவுடன் வாசிகசாலையின் காரம் பலகையை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுகிறீர்கள். மாலையிலே ஓர் அரைமணி நேரமாவது அதை வெளியே எடுத்து வையுங்கள். திறவுகோல் செயலாளரிடம் இருப்பதாகக் கேள்வி; அவர் முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கிறார்.