வியட்நாமில் வாய் திறப்பது எப்படி?

(கடலூரிலும் சிதம்பரத்திலும் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



வியட்நாம் போகிறவர்களுக்கு அந்நாட்டுப் பாஷை எவ்வளவு தெரிந்தால் போதும் என்று நம்மைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நாம் பண்டிதரல்ல, நமக்குத் தெரிந்ததும் நூறு வார்த்தைக்குள்தான். ஆனால் அந்த நூறும் இல்லாதவன், கையில் எவ்வளவு பணமிருந்தாலும் தரகனுக்கு அடிமை என்பதாலேயே பேசத் துணிந்தோம்.

அது நமக்கு அந்நிய ஊரல்ல. புதுச்சேரியும் சைகோனும் பிரஞ்சு ஆட்சியிலிருந்த காலத்தில் புதுச்சேரி, காரைக்கால் தமிழர் உத்தியோகத்துக்கும், செட்டியார்கள் லேவாதேவிக்கும் அங்கே போனார்கள். சைகோனுக்கு 1976-ல் ஹோ சி மின் நகரம் என்று பெயராயிற்று. தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோவில் இன்றும் அங்கிருக்கிறது. கடல் தாண்டினால் பாவம் என்றார்கள், மாரியம்மனே தாண்டிவிட்டாள்!

அப்பாஷையில் வினைச்சொல் ஆளுக்கும் காலத்துக்கும் தக்கபடி மாறுவதில்லை, அது சுலபம். கஷ்டம் குரலில்தான். ‘மா’ என்பதைச் சமமாகச் சொன்னால் பேய். குரலை உயர்த்தினால் தென்பகுதியில் தாய். தாழ்த்தி அழுத்தினால் நெல் நாற்று. மந்திரம் தப்பினால் பேய் வரும் என்று இங்கே பயமுறுத்துகிறார்கள். அங்கே குரல் தப்பினால் தாயே பேயாகிவிடுவாள். ஆனால் அதற்குப் பரிகாரம் கேட்பாரில்லை, சிரித்துத் திருத்துவார்கள்.

முதலில் எண்களைப் படியுங்கள்: மோட், ஹாய், பா, போன், நம் என்றால் ஒன்று முதல் ஐந்து, மூய் என்றால் பத்து. பதினொன்று ‘மூய் மோட்’. ‘பாவ் ஞியூ?’ என்றால் எவ்வளவு? கடைக்காரர் ஐம்பது என்றால் பெரும்பாலும் ஐம்பதாயிரம் டோங் என்று அர்த்தம். ஆயிரத்தை வாய்க்குள் விழுங்கிவிடுவார்கள். ‘கோங்’ என்றால் இல்லை, வேண்டாம். ‘காம் அன்’ என்றால் நன்றி.

இன்னொன்று முக்கியம். அங்கே முன்னிலையில் பேச, பெரும்பாலும் உறவுச்சொல்லே வேண்டும். மூத்தவன் ‘ஆஞ்’, அண்ணன், மூத்தவள் ‘சி’, அக்கா, இளையவர் ‘ஏம்’, கிழவர் ‘ஓங்’, தாத்தா, கிழவி ‘பா’, பாட்டி. தெருவில் சோறு விற்கிறவளும் பாட்டிதான். ஜாதியைக் கேட்டுக்கொண்டு, தாத்தா வயதுள்ளவரைச் சிறுபயல் ‘அடே’ என்று கூப்பிட்டதைக் கண்ட நாம் இதைச் சற்று யோசிக்க வேண்டாமா?

தோழர்களே! நாம் சொன்னோம் என்பதற்காக நம்பாதீர்கள். தமிழெழுத்தில் அவ்வோசை முழுதும் வராது. வியட்நாமிலிருந்து திரும்பிய குடும்பங்கள் பக்கத்திலே புதுச்சேரியில் இருக்கின்றன. அம்மொழி பேசும் ஒரு பாட்டியிடம் சொல்லிக் காட்டுங்கள். அவர் சிரித்தால் திருத்திக்கொண்டு, பிறகு டிக்கெட் வாங்குங்கள்.