கிடங்கு வண்டும் மண்வாழ் பூசணமும்

உரம், நீர், உழைப்பு, கொள்முதல் விலை, வண்டிக்கூலி அனைத்தும் செலவான பின்னரே வண்டு தானியத்தை உண்கிறது. ஆதலால் கிடங்கில் இழக்கும் மூட்டை, வயலில் இழக்கும் மூட்டையினும் விலை மிக்கது.

நம் நாட்டுப் பெருங்கிடங்குகள் இன்று பாஸ்பீன் வாயுவையே பெரிதும் நம்பியுள்ளன. மீதைல் புரோமைடு ஓசோன் படலத்தைச் சிதைப்பதால், மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி வளரும் நாடுகளில் அதன் பொதுப் பயன்பாட்டுக்கு 2015 எல்லையாயிற்று. ஏற்றுமதிச் சரக்குத் தூய்மை போன்ற சில விலக்குகளே எஞ்சின. பாஸ்பீனுக்கோ வண்டுகள் பழகி வருகின்றன. 1972-73-இல் உலக உணவு வேளாண்மை நிறுவனம் நடத்திய ஆய்விலேயே இந்த எதிர்ப்புத்திறன் பல நாடுகளில் தென்பட்டது. உறையில் வாயு கசிந்தால், அரைகுறை நஞ்சுக்குத் தப்பியவையே அடுத்த தலைமுறையைப் பெருக்குகின்றன.

இந்நிலையில் பிவேரியா, மெட்டாரைசியம் எனும் மண்வாழ் பூசணங்கள் கருதத்தக்கவை. பட்டுப்புழுவின் வெண்ணோய்க்கு ஒரு பூசணமே காரணம் என இத்தாலியர் பாஸி 1835-இல் மெய்ப்பித்தார். 1879-இல் மெட்ச்னிகாப், கோதுமையைத் தாக்கும் வண்டுக்கு எதிராக மெட்டாரைசியத்தை ஆராய்ந்தார். பூச்சி இதனை உண்ண வேண்டியதில்லை. உடலில் ஒட்டிய வித்து முளைத்து, மேல்தோலைத் துளைத்து உட்புகுந்து, சில நாட்களில் அதனைக் கொல்லும்.

இடர்ப்பாடு ஈரத்தில் உள்ளது. வித்து முளைக்க ஈரம் துணை. தானியம் கெடாதிருக்க வறட்சி தேவை. பூசணத்தின் பொருட்டுத் தானியத்தை நனைப்பார் எவருமிலர். எனவே டயட்டம் மண் எனும் நுண்ணிய சிலிக்காத் தூளுடன் இதனைக் கலந்து ஆய்வாளர் சோதித்துள்ளனர். அத்தூள் வண்டின் மெழுகுப் பூச்சைச் சிதைத்து, பூசணத்திற்கு வழி திறக்கிறது. வெறுமையான கிடங்கின் சுவர் வெடிப்புகளில், சரக்கு வருமுன் இடுவதே இதற்கு ஏற்ற முதற்களம். மூட்டைக்குள் இட்டால் செத்த வண்டுகள் தானியத்திலேயே தங்கும். வாங்குபவருக்குச் செத்ததும் உயிருள்ளதும் ஒன்றே. தகரக் கூரையின் கோடை வெப்பத்தில் வித்துகள் விரைவில் வீரியம் இழப்பதும் செலவுக் கணக்கில் சேர வேண்டியதாகும்.

மண்பூசணம் யாவும் நன்மை பயப்பன அல்ல. ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸும் பூச்சியைத் தாக்கும். ஆனால் தானியத்தில் அஃப்ளடாக்சின் நஞ்சைச் சேர்க்கும். பிவேரியாவோ, பாஸி கண்ட அதே பட்டுப்புழுக் கொல்லி. மைசூர்ப் பகுதி போன்ற பட்டு வளர்ப்பு வட்டாரங்களில், புழு வளர்ப்பு மனைகளுக்கு அருகிலுள்ள கிடங்குகளை இத்திட்டத்தினின்று விலக்கி வைப்பதே முறையாகும்.