நரம்பும் நாடியும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற ஆண்டு இம்மேடையில் இலக்கியம் பற்றிப் பேசினோம். அவையில் பாதிப் பேர் உறங்கிவிட்டதாகச் செயலாளர் பின்னர்த் தெரிவித்தார். ஆகவே இம்முறை உறக்கத்தைக் கெடுக்கும் பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டோம். நாம் மருத்துவம் பயின்றவரல்லோம். பத்தாம் வகுப்புத் தேறி, ரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதிக் காலந்தள்ளுகிறவர். எனினும் நம் குடும்பத்தில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி, இதயத்தையும் நரம்பையும் பற்றி நூல்களைப் புரட்டவும் மருத்துவரைக் கேட்டறியவும் நம்மைத் தூண்டிற்று.

இடுக்கி மாவட்டத்து மறையூரில் நம் மைத்துனர் கரும்பு பயிரிடுகிறார். அம்மாவட்டத்தில் இருப்புப்பாதை கிடையாது. ஆகவே இந்தப் பாலக்காட்டு ரயில்வே ஊழியருக்கும் அவருக்கும் தொலைபேசிதான் பாலம். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மாசி மாத இரவில் அவர் அழைத்தார். வெல்லக் கொட்டகையருகே கரும்புச் சோகைக் குவியலில் விளையாடிய எட்டு வயது மகனைச் சிறியதொரு செந்தேள் கொட்டிவிட்டதாம். “அத்தான், என்ன செய்யலாம்?” என்றார். “தேள்தானே மாப்பிள்ளை! வெங்காயத்தைத் தேய்த்துவிடு, விடிந்தால் சரியாகிவிடும்” என்று சொல்லி நாம் உறங்கப் போனோம்.

விடியும் முன்னரே பையனுக்கு ஓயாத வாந்தி, உடலெல்லாம் வியர்வை, கைகால்கள் பனிக்கட்டிபோல் குளிர்ந்தன. நாடியோ சிறிது நேரம் தளர்ந்து நடந்தது, பின்னர்ப் பாய்ந்தோடிற்று, இடையிடையே ஒரு துடிப்பு தவறிற்று. சின்னாறு வழியாக உடுமலைப்பேட்டைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தனர். மூன்று நாள் அவன் தாய் உண்ணவில்லை. நாம் போய்ச் சேர்ந்தபோது மருத்துவர் சொன்னார்: “இது பிறவி இதயநோய் அன்று, நரம்புகள்தாம் இதயத்தை அலைக்கழிக்கின்றன.” கொட்டியது காலில், தடுமாறியது நெஞ்சு! இஃது எங்ஙனம் என்பதே இன்றைய பேச்சு.

இதயம் தானே துடிக்கும் இயல்புடையது. அதன் வலது மேலறையில் உள்ள ஒரு சிறு முடிச்சு துடிப்பைத் தொடங்கிவைக்கிறது. கீத், ஃபிளாக் என்ற பிரிட்டானியர் இருவர் 1907இல் அதனைக் கண்டு வெளியிட்டனர். ஆயினும் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் மூளையினின்று இருவகை நரம்புகள் வழியாக ஆணை வருகிறது. நம் தொழில் மொழியில் கூறின், வேகஸ் என்னும் நரம்பு சிவப்புக்கொடி. பரிவு நரம்பு பச்சைக்கொடி. வேகஸைத் தூண்டினால் இதயம் தளர்ந்து நின்றுவிடவும் கூடும் என்பதை வெபர் உடன்பிறப்பினர் 1845இல் காட்டினர். ஆணை எவ்வாறு சென்று சேர்கிறது என்பதை ஆட்டோ லோவி 1921இல் தவளையின் இதயங்களைக்கொண்டு விளக்கினார். ஓர் இதயத்தின் வேகஸைத் தூண்டி, அதனைச் சூழ்ந்த நீரை எடுத்து மற்றோர் இதயத்தில் விட்டார். நரம்பு தீண்டப்படாத அவ்விதயமும் தளர்ந்தது. நரம்பு ஒரு வேதிப்பொருளைச் சுரந்தே கட்டளையிடுகிறது என்பது அதனால் விளங்கிற்று. அவருக்கு 1936இல் நோபெல் பரிசில் பங்கு கிடைத்தது.

பிள்ளைகளே, இப்போதே மணிக்கட்டில் விரல் வைத்துப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது நாடி சற்று விரையும், விடும்போது தளரும். அதுவும் வேகஸின் வேலையே, நோயன்று. தேர்வு முடிவுக்குக் காத்திருக்கையில் நெஞ்சு படபடப்பது பச்சைக்கொடியின் வேலை.

செந்தேளின் நஞ்சு செய்வது வேறு. நரம்பிழைகளில் சோடிய உப்பு நுழையும் சிறு வாயில்கள் உண்டு. அவற்றை மூடவிடாமல் அது தடுக்கிறது. எனவே நரம்புகள் ஓயாமல் கூவிக்கொண்டேயிருக்கும். முதலில் சிவப்புக்கொடி மிகும்: வாந்தி, வியர்வை, எச்சில் பெருக்கு, தளர்ந்த நாடி. பின்னர்ப் பச்சைக்கொடி மிகும்: இரத்தக் குழாய்கள் சுருங்கிக் கைகால் குளிரும், அழுத்தம் ஏறும், நாடி பாயும். இரு கொடிகளையும் ஒரே வேளையில் ஆட்டினால் வண்டியோட்டி என்ன செய்வார்? முடிச்சின் ஒழுங்கை மீறி வேறிடங்களிலிருந்தும் துடிப்புகள் எழுகின்றன. களைத்த இதயத்தால் இரத்தத்தைத் தள்ளமாட்டாமல் நுரையீரலில் நீர் தேங்குவதே உயிருக்கு உலை வைப்பது.

இத்தேளுக்கு 1798இல் ஃபாப்ரிசியஸ் என்ற டேனிய அறிஞர் இட்ட பெயர் ‘தமுலஸ்’. தமிழின் பெருமை எங்கெங்கோ பரவியது என்று இம்மேடையில் பலர் பேசியுள்ளனர். தேளிடமும் பரவியதை எவரும் சொன்னதில்லை! கேரளம், தமிழகம், கருநாடகம், ஆந்திரம், மகாராட்டிரம் எங்கும் இது வாழ்கிறது. மலைக்காட்டுப் பெரிய கருந்தேளைக் கண்டு நாம் அலறுகிறோம். அது கொட்டினால் பெரும்பாலும் வலியோடு போகும். அஞ்சத்தக்கது சிறிய செந்தேளே.

இதற்கு வழி கண்டவர் கொங்கணத்துச் சிற்றூர் மருத்துவர் ஒருவர். ஹிம்மத்ராவ் பவாஸ்கர் மகாடு வட்டாரத்து ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பணியாற்றியபோது, கொட்டுப்பட்ட குழந்தைகள் இறப்பதைக் கண்டு இரவெல்லாம் அருகிருந்து நாடியையும் அழுத்தத்தையும் குறித்துவைத்தார். இரத்த அழுத்தத்துக்கு வழங்கும் பிரேசோசின் என்ற மாத்திரை, சுருங்கிய குழாய்களைத் தளர்த்தி இதயத்தின் சுமையை இறக்குவதைக் கண்டு, 1986இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார். கடுமையாகப் பாதிக்கப்பட்டோரில் நூற்றுக்கு முப்பதுக்கு மேல் இறந்த நிலை மாறி, இறப்பு மிக அரிதாயிற்று. தேள் முறிமருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் நோயாளி விரைவில் தேறுவதை, 70 பேரிடம் ஆய்ந்து 2011இல் வெளியிட்டார். 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. பெரிய கருவியேதுமற்ற சிற்றூரில் விரலால் நாடி பார்த்துக் கண்டது இது என்பதே நமக்கு வியப்பு.

மைத்துனர் மகனுக்கும் அந்த மாத்திரையே கொடுத்தனர். அது நாடியை ஒழுங்கு செய்யும் என்று எண்ணி எவரும் தாமாக விழுங்கலாகாது. திடீரென்று அழுத்தம் இறங்கி மயக்கம் வரும். மருத்துவர், படுக்க வைத்தே கொடுப்பார். கொட்டியபின் வியர்த்தாலோ, வாந்தி எடுத்தாலோ, கைகால் குளிர்ந்தாலோ, அந்த நள்ளிரவிலேயே புறப்பட வேண்டும். கொட்டுவாயைக் கீறுதல், கட்டுப்போடுதல், மந்திரித்தல் எல்லாம் நேரத்தைத் தின்பவை. நாம் சொன்ன வெங்காயமும் அவ்வகையே.

பையன் இப்போது பள்ளி இறுதி வகுப்பில் இருக்கிறான். ஓடி வந்து நின்றால் முதலில் தன் மணிக்கட்டைப் பிடித்து எண்ணுகிறான். மைத்துனர் நம்மை ஒரு சொல்லும் கடிந்ததில்லை. ஆயினும் இப்போதெல்லாம் இரவில் தொலைபேசி ஒலித்தால் நாம் எழுந்து உட்கார்ந்துதான் பேசுகிறோம்.