பூட்டிய வீட்டில் பழுக்கும் கனி

(வானொலி மறையுரை: தூய ஆவியார் பெருவிழா, மே 23, 2021)



இன்று தூய ஆவியார் பெருவிழா. மற்ற ஆண்டுகளில் என்றால் இந்நேரம் சிவப்புத் திருவுடையும் பாடகர் குழுவின் பாடலுமாக நம் ஆலயம் நிறைந்திருக்கும். ஆனால் ஏப்ரல் 26 முதல் ஆலயக் கதவுகள் இறைமக்களுக்கு மூடப்பட்டிருக்கின்றன. நாளை முதல் தமிழகமெங்கும் தளர்வுகள் இல்லாத முழு ஊரடங்கு. நம்மில் பலருடைய வீட்டில் ஒருவராவது தொற்றோடு தனி அறையில் படுத்திருக்கிறார். இந்த நிலையில்தான், அவரவர் வீட்டிலிருந்தே, வானொலி வழியாக ஒரே குடும்பமாகக் கூடியிருக்கிறோம்.

இன்றைய நற்செய்தியும் ஒரு பூட்டிய வீட்டில்தான் தொடங்குகிறது. யோவான் நற்செய்தி 20ஆம் பிரிவு. சீடர்கள் அஞ்சிக் கதவுகளை மூடிக்கொண்டு உள்ளே இருக்கிறார்கள். அவர்களுடைய அச்சம் தீரட்டும், கதவு திறக்கட்டும் என்று ஆண்டவர் வெளியே காத்திருக்கவில்லை. உள்ளே வருகிறார். அவர்கள் நடுவே நிற்கிறார். அமைதியை வாழ்த்தாகத் தருகிறார். தம் காயங்களைக் காட்டுகிறார். அவரைக் கண்ட சீடர்கள் மகிழ்கிறார்கள். எட்டு நாள் கழித்து அவர் மீண்டும் வந்தபோதும் கதவுகள் மூடியே இருந்தன என்று நற்செய்தியாளர் எழுதுகிறார். அப்படியானால், கதவு திறந்ததால் அவர்களுக்கு மகிழ்ச்சி வரவில்லை. ஆண்டவர் உள்ளே இருந்ததால் வந்தது.

நாம் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம்? "இந்த ஊரடங்கு முடியட்டும், அப்புறம் நிம்மதியாக இருக்கலாம்" என்கிறோம். "பள்ளிக்கூடம் திறக்கட்டும், அப்புறம் பிள்ளைகளோடு சந்தோஷமாக இருக்கலாம்" என்கிறோம். சிறு பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மூடி ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஏழு வயதுப் பிள்ளைக்கு ஓராண்டு என்பது அதன் வாழ்நாளில் ஏழில் ஒரு பங்கு. அந்தப் பிள்ளையிடம் போய், "கொஞ்சம் பொறு, அம்மா அப்புறம் சிரிக்கிறேன்" என்று சொல்ல முடியுமா?

பவுலடியார் கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தில் தூய ஆவியார் தரும் கனியைப் பற்றிச் சொல்லும்போது, முதலில் அன்பை வைக்கிறார், அதற்கு அடுத்து மகிழ்ச்சியை வைக்கிறார். மகிழ்ச்சி நம் மனநிலைக்கு ஏற்ப வந்து போகிற ஒன்று அல்ல, அது கனி. கனி ஒரே நாளில் பழுப்பதில்லை. அருள் கொடுப்பவர் ஆண்டவர்; தண்ணீர் ஊற்ற வேண்டியவர்கள் நாம்.

இரண்டு வாரங்களுக்கு முன் ஒரு தாய் நம் பங்கு இல்லத்துக்குத் தொலைபேசியில் பேசினார். அவருடைய இசைவோடுதான் இதைச் சொல்கிறோம். கணவர் ஓட்டுநர். தொற்று வந்து முன்னறையில் தனித்திருந்தார். தாயும் இரண்டு பிள்ளைகளும் சமையலறையிலும் பின்கட்டிலும் நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். வருமானம் இல்லை. இருந்த ஒரே செல்போனுக்காகப் பிள்ளைகளுக்குள் சண்டை. ஒரு நாள் கோபத்தில் மகனை அடித்துவிட்டார். அவன் அழவில்லை. "அம்மா, நீ ஏன் இப்பல்லாம் சிரிக்கவே மாட்டேங்கிற? அப்பா செத்துருவாரா?" என்று கேட்டிருக்கிறான். அதைச் சொல்லும்போதே அந்தத் தாய்க்குக் குரல் உடைந்துவிட்டது. "சாமி, நான் வாயைத் திறந்து அவன்கிட்ட எதுவுமே சொல்லல. என் முகத்தைப் பார்த்தே எல்லாத்தையும் தெரிஞ்சுக்கிட்டான்" என்றார்.

நாம் பிள்ளைகளிடம் செய்திகளை மறைக்கலாம். முகத்தை மறைக்க முடியாது. அதற்காக உள்ளே பயத்தை வைத்துக்கொண்டு வெளியே சிரித்து நடிக்க வேண்டும் என்பதல்ல. அன்னை மரியாவைப் பாருங்கள். பன்னிரண்டு வயது மகன் மூன்று நாள் காணாமற்போய்க் கோவிலில் கிடைத்தபோது, அவர் தம் கலக்கத்தை மறைக்கவில்லை. தாமும் யோசேப்பும் எவ்வளவு வேதனையோடு தேடினோம் என்பதை மகனிடம் நேராகச் சொன்னார். அதன்பின் மூவரும் நாசரேத்துக்குத் திரும்பி, அன்றாட வேலையைத் தொடர்ந்தார்கள். உண்மையைச் சொல்லிவிட்டு அன்றைய கடமையைச் செய்வதுதான் திருக்குடும்பத்தின் வழி.

அந்தத் தாயும் அதையே செய்தார். அன்றிரவு மகனை அருகில் அழைத்து, "உன்னை அடிச்சது தப்பு, மன்னிச்சுக்கோ. அப்பாவை நினைச்சா எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா மாத்திரை சாப்பிடுறாரு, காய்ச்சல் குறைஞ்சிருக்கு" என்று சொன்னார். மறுநாள் மாலை ஏழு மணிக்கு அந்தப் பையனே தட்டைக் கரண்டியால் தட்டி எல்லாரையும் செபத்துக்குக் கூப்பிட்டான். கதவுக்கு வெளியே எட்ட உட்கார்ந்து தாயும் பிள்ளைகளும் செபமாலையின் முதற்பாதியைச் சொல்ல, கதவுக்கு உள்ளேயிருந்து தகப்பன் மறுபாதியைச் சொன்னார். குரல் மெலிந்துதான் இருந்தது, ஆனாலும் பிள்ளைகளுக்குக் கேட்டது. அந்த வீட்டில் கதவு திறக்கவில்லை. ஆண்டவர் உள்ளே வந்துவிட்டார்.

வியட்நாம் நாட்டின் வணக்கத்துக்குரிய கர்தினால் வான் துவானை நினைத்துக்கொள்வோம். ஆயராக இருந்தபோது 1975ஆம் ஆண்டு கைது செய்யப்பட்டு, 13 ஆண்டுகள் சிறைப்பட்டிருந்தார். அதில் 9 ஆண்டுகள் தனிமைச் சிறை. விடுதலைக்காகக் காத்திருந்தே காலத்தைக் கழிப்பதில்லை, இன்றைய பொழுதையே அன்பால் நிரப்புவது என்று அவர் முடிவெடுத்தார். உள்ளங்கையில் மூன்று துளி திராட்சை இரசமும் ஒரு துளி தண்ணீரும் வைத்துத் திருப்பலி நிறைவேற்றினார். நம் வீடு சிறையல்ல. நம்மைச் சுற்றி நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர் உள்ளங்கையில் செய்ததை நாம் ஒரு வீட்டில் செய்ய முடியாதா?

அன்பான பெற்றோர்களே, கனிக்குத் தண்ணீர் ஊற்றச் சில எளிய வழிகளைச் சொல்கிறோம்.

நாளுக்கு ஓர் ஒழுங்கு இருக்கட்டும். எழும் நேரம், குளிக்கும் நேரம், சாப்பிடும் நேரம், செபிக்கும் நேரம் மாறாமல் இருந்தால், வெளியே எல்லாம் குலைந்திருந்தாலும் பிள்ளைகளுக்கு உள்ளே ஒரு பிடிமானம் கிடைக்கும். வேலையைப் பங்கிடுங்கள். பையனும் பாத்திரம் கழுவட்டும், மகளும் கேஸ் சிலிண்டருக்குப் பதியக் கற்றுக்கொள்ளட்டும், தகப்பனும் ஒரு வேளை சமைக்கட்டும். உப்பு கூடினால் சேர்ந்து சிரிக்கவும் ஒரு காரணம் கிடைக்கும். உடம்பை அசையுங்கள். மொட்டை மாடி இருந்தால் மாலையில் நடங்கள். இல்லையென்றால் இருக்கிற கூடத்திலேயே பிள்ளைகளோடு குதியுங்கள். தாயக்கட்டையும் பல்லாங்குழியும் பரணில் இருந்தால் இறக்குங்கள். கொரோனாச் செய்தியை நாளுக்கு ஒரு முறை கேட்டால் போதும். ஊரிலிருக்கும் தாத்தா பாட்டியிடம் பிள்ளைகளைத் தினமும் பேசவையுங்கள்.

நோயுற்றுத் தனித்திருக்கும் பெற்றோருக்கு ஒரு சொல். சுறுசுறுப்பு உங்களுக்கான கட்டளை அல்ல. இப்போது ஓய்வே உங்கள் கடமை. ஆக்சிமீட்டரில் அளவு 94க்குக் கீழே இறங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, செபித்துக்கொண்டே உடனே மருத்துவ உதவியை நாடுங்கள். மருத்துவரும் கடவுளின் கைதான். உங்களால் முடிந்ததெல்லாம் கதவுக்கு உள்ளேயிருந்து பிள்ளையின் பெயரைச் சொல்லி அழைப்பது மட்டுமென்றால், அதுவே போதும். அந்தப் பிள்ளைக்கு அன்று அது பெரிய விருந்து.

தாயையோ தகப்பனையோ இழந்த வீடுகளும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. உங்களிடம் மகிழ்ந்திருங்கள் என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. உயிர்த்த ஆண்டவர் தம் காயங்களை மறைக்காமல்தான் சீடர்கள் நடுவே நின்றார். உங்கள் காயத்தோடும் அவர் உங்கள் வீட்டில் நிற்கிறார். மற்றவர்களே, இன்று மாலைக்குள் அப்படி ஒரு வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுங்கள். அடுப்பு எரியவில்லை என்று தெரிந்தால் பங்கு இல்லத்துக்குச் சொல்லுங்கள். வாசல் வரை அரிசி கொண்டுவந்து வைப்போம். தூய ஆவியாரைப் பெற்றபின் சீடர்கள் தங்களுக்குள்ளேயே இருந்துவிடவில்லையே.

செபிப்போம். ஆண்டவரே, பூட்டிய கதவுகளுக்குள் வரத் தெரிந்தவரே, எங்கள் வீட்டுக்குள்ளும் வாரும். எங்கள் அச்சத்தை உம்மிடம் மறைக்காமல் சொல்கிறோம். களைத்துப்போன தாய்மாருக்கும் வேலை இழந்த தகப்பன்மாருக்கும் உம் ஆவியாரைத் தாரும். இன்றிரவு எங்கள் பிள்ளைகள் உறங்கப்போகும் முன், எங்கள் முகத்தில் உம் அமைதியை அவர்கள் காணச் செய்யும். ஆமென்.