கல்லை எடுக்குமுன் இடத்தைக் குறிப்போம்

(ஆசிரியர் பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



கற்காலப் பாடம் நடத்திய வாரத்தில் நம் மேசைமீது கற்கள் வந்து குவியும். "ஐயா, இது ஆதிமனிதன் கருவியா?" என்று கேட்கும் அந்த ஆர்வத்தை எப்படி வழிநடத்துவது என்பது பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

இத்துறைக்கு அடித்தளம் இட்டவர்களில் பலர் தொல்லியலைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர். பிரான்சின் அப்வில் நகரில் சுங்க அதிகாரியாக இருந்தவர் பூஷே த பெர்த். சோம் ஆற்றுச் சரளையில், அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு கற்கருவிகளும் கிடைக்கின்றன என்று அவர் பல ஆண்டுகள் எடுத்துச் சொல்லியும் அறிஞர்கள் நம்பவில்லை. 1859இல் இங்கிலாந்திலிருந்து இருவர் நேரில் சென்றனர். ஜோசப் பிரெஸ்ட்விச் மது வணிகர். ஜான் எவான்ஸ் காகித ஆலை நடத்தியவர். சரளை அடுக்கில் பதிந்திருந்த ஒரு கைக்கோடரியை, எடுப்பதற்கு முன் இருந்த இடத்திலேயே புகைப்படம் எடுக்கச் செய்தனர். பெட்டி பெட்டியாகச் சேர்த்த கற்களால் ஆகாததை, இடத்தோடு பார்த்த அந்த ஒரு கல் செய்தது.

அதே ஊரில் இன்னொரு பாடமும் உண்டு. மனித எலும்பு கண்டெடுப்பவருக்குப் பரிசு என்று பூஷே த பெர்த் அறிவித்திருந்தார். 1863இல் ஒரு தாடை எலும்பு 'கிடைத்தது'. அது திட்டமிட்டுப் புதைத்து வைக்கப்பட்டது என்பது பின்னர் தெரிந்தது. ஆகவே, "அதிகக் கல் கொண்டுவருபவருக்குப் பரிசு" என்று வகுப்பில் ஒருபோதும் அறிவிக்காதீர்கள்.

அதே 1863ஆம் ஆண்டு மே 30 அன்று பல்லாவரத்தில் சரளைக் குழி ஒன்றில் கைக்கோடரியைக் கண்டெடுத்தார் இராபர்ட் புரூஸ் பூட். அவர் நிலவியல் ஆய்வுத் துறை அலுவலர். பிற்காலத்தில் அவருடைய சேகரிப்பு சென்னை அரசு அருங்காட்சியகத்துக்கு வந்தது. எந்தக் கல் எந்த ஊரில் கிடைத்தது என்ற விவரம் அதன் பட்டியலில் இருப்பதால்தான் அது இன்றும் ஆய்வுக்குப் பயன்படுகிறது. அவ்விவரம் இல்லையெனில் அவை வெறும் கற்களே.

திருவள்ளூர் மாவட்டம் அதிரம்பாக்கத்தைப் பாருங்கள். அங்குள்ள கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் பழைமையானவை என்று சாந்தி பப்பு குழுவினர் 2011இல் வெளியிட்டனர். கருவிகள் மண் அடுக்கில் கலையாமல் இருந்ததால்தான் இந்தக் கணக்கு சாத்தியமாயிற்று. அவற்றை யாராவது பொறுக்கி வீட்டு அலமாரியில் வைத்திருந்தால் வயது சொல்ல வழியில்லை.

வகுப்பில் நாம் செய்யக்கூடியவை எளியவை. ஒன்று, கல்லைத் தொடுமுன் அருகில் அளவுகோலை வைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு, ஊர், புல எண், அருகிலுள்ள ஏரி அல்லது ஓடை, நாள் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதட்டும். மூன்று, தோண்டவே கூடாது. நான்கு, இரு பக்கமும் ஒழுங்காகச் சில்லுகள் பெயர்த்த தடம் உள்ளதா என்று பார்க்கட்டும். ஆற்றில் உருண்ட கல்லும் உடைந்திருக்கும் என்பதையும் சொல்லுங்கள். ஐந்து, ஐயம் இருந்தால் தலைமையாசிரியர் வழியாக வட்டாட்சியருக்கோ அரசு அருங்காட்சியகத்துக்கோ தெரிவியுங்கள்.

"கல்லை ஏன் எடுத்தாய்?" என்று அதட்டினால் அந்தக் குழந்தை இனி எதையும் காட்டாது. "எங்கே கிடந்தது? வா, அந்த இடத்தைக் காட்டு" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியிலிருந்துதான் ஆய்வு தொடங்குகிறது.